ஐந்து புள்ளி ஏழு

ராத்திரி பதினொன்று இருபது.
காவேரிப்பட்டணம் சாலை, மாங்கூழ் ஆலை.
வெளியே முப்பத்தொரு டிராக்டர், பெங்களூரா ஏற்றி.
உள்ளே நிரப்பும் இயந்திரம்
நில் என்கிறது.
யார் நிறுத்தியது என்று கேட்டாலும்
நில் என்கிறது.

சம்பங்கி அதன் மண்டையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு
எனக்குப் போன் போட்டார்:
“நாகவேணி, பொட்டி மறுபடி மொறைக்குது.”

மூடியைக் கழற்றினேன்.
உள்ளங்கை அகலப் பலகை, நடுவில்
பதினாலு கால் ஐசி, பூரான் குட்டி மாதிரி.
உள்ளே ஆறு வாசல்.
ஆறுக்கும் தெரிந்தது ஒரே வேலை,
கம்பியைத் தரைக்கு இழுப்பது.
இல்லையென்றால் விட்டுவிடுவது.

தூக்கத் தெரியாது.
தூக்குவது அந்தந்தக் கம்பியின் தலைமாட்டில்
மஞ்சள் ஊதா சிவப்புப் பட்டை போட்டு
உட்கார்ந்திருக்கும் ரெசிஸ்டர்.
அதை எங்கே கட்டினோமோ
அந்த உயரத்துக்குக் கம்பி போகும்.
ஒன்று மூன்று புள்ளி மூன்றுக்கு, கன்ட்ரோலரிடம்.
இரண்டு ஐந்துக்கு, டப்பா எண்ணும் கண்ணிடம்.
ஒன்று மட்டும் பன்னிரண்டுக்கு,
கொதிகலனைச் சுற்றி, ஈரத் தரையைத் தாண்டி
வால்வுப் பெட்டி வரை.

ஒரே ஐசி, மூன்று உயரம்.
ஓசூர் பஸ்ஸில் ஒருத்தி
கண்டக்டரிடம் தமிழும் நாத்தனாரிடம் தெலுங்கும்
போனில் கன்னடமும் பேசிக்கொண்டு
ஒரே சீட்டில் வருவாளே, அப்படி.
எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மீட்டரை வைத்தேன்.
மூன்று புள்ளி மூன்று. சரி.
ஐந்து. சரி.
பன்னிரண்டு நிற்க வேண்டிய இடத்தில்
ஐந்து புள்ளி ஏழு.
இழுப்பார் யாருமில்லை. ஏறவும் இல்லை.

பலகையின் பிளக்கைப் பிடுங்கினேன்.
பச்சை விளக்கு அணையவில்லை.
செத்தேனா இருக்கேனா என்று
ஒரு மினுக்கல்.
கரண்டே இல்லாத ஐந்து வோல்ட் கம்பியில்
ஒன்று புள்ளி ஒன்பது!
வால்வுப் பெட்டிக்குத் தனி சப்ளை. அங்கிருந்து
பன்னிரண்டு, ரெசிஸ்டர் வழியே சொட்டுச் சொட்டாய்
வாசலுக்கு வந்து
உள்ளே ஒழுகுகிறது.

டார்ச் அடித்து முதுகைப் படித்தேன்.
முன்னால் எழுபத்து நாலு, அதே.
பின்னால் பூஜ்யம் ஏழு, அதே.
நடுவில் எல் எஸ் இருக்க வேண்டிய இடத்தில்
எச் சி.
“ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரன் சொன்னான்,
எட்டு ரூபா கம்மி.” சம்பங்கி காதைச் சொறிந்தார்.

ஒன்றுதான்.
அதே ஆறு வாசல், அதே கால், அதே கணக்கு.
இதில் மட்டும் ஒவ்வொரு வாசலிலிருந்தும்
தன் உத்தரத்துக்கு ஒரு டயோடு உண்டு,
பாதுகாப்புக்கு வைத்தது.
தான் குடிக்கும் ஐந்தைத் தாண்டி
எவன் தலை தூக்கினாலும்
முக்கால் வோல்ட்டுக்குள் முடியைப் பிடித்துக்கொள்ளும்.

சாலிடர் சூடேறும் வரை வெளியே நின்றேன்.
கேட்டில் ஒருவர் வாட்ச்மேனிடம் விலை கேட்டார்.
வாட்ச்மேன் வானத்தைக் காட்டினார்.
ஆலைக்காரர்களில் எவர் ஒருவர் இழுத்தாலும் இறங்கும்.
ஏறவேண்டுமென்றால் எல்லாரும்
ஒரே நேரத்தில் கையை விடவேண்டும்.
அந்தக் கம்பிக்கு என்னிடம் மீட்டர் இல்லை.

பழைய எடைமேடைப் பலகை ஒன்று
சாக்கு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது.
அதில் ஒரு எல் எஸ், தூசி தின்று.
பெயர்த்தேன், துடைத்தேன், பொருத்தினேன்.
ஒரு கால் வளைந்தது. திட்டினேன். நிமிர்ந்தது.

இரண்டேகாலுக்கு
பதினொன்று புள்ளி ஒன்பது.
வால்வு தும்மிவிட்டுத் திறந்தது.
முதல் மூன்று டப்பா நுரை,
நான்காவதிலிருந்து மஞ்சள்.
சம்பங்கி ஒன்றும் சொல்லாமல்
டிராக்டர்களை உள்ளே விடப் போனார்.

கழற்றிய எச் சி என் கோட்டுப் பையில்.
அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
ஐந்துக்குள்ளேயே ஒரு வேலை கொடுத்திருந்தால்
ஆயுசு பூராவும் ஓடியிருக்கும்.
தொட்டுப் பார்த்தேன்,
இன்னும் சூடாகத்தான் இருந்தது.